சாம்பல் ஜாடிகளும் மஞ்சள் தடவிய பத்திரமும்

கோப்பன்ஹேகன் அருங்காட்சியகத்துக்கு வகுப்பாகப் போகிறோம் என்று டேனிஷ் ஆசிரியை சொன்னபோது, ரயில் எப்படிக் கப்பலில் ஏறும் என்பதைத்தான் மற்றவர்கள் கேட்டார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: வெளிநாட்டவர் காரியாலயம் அங்கிருந்து எவ்வளவு தூரம்? நடந்தால் இருபது நிமிடம் என்று சொல்லி ஆசிரியை ஒரு தாளில் வழியைக் கீறித் தந்தார்.

மனைவியைக் கூப்பிட நான் மனுப் போட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தது. நாங்கள் இருந்த ஸ்கீவ நகரில் என்னோடு மனுப் போட்ட தமிழ் ஆட்கள் எவருக்கும் முடிவு வரவில்லை. எனக்கு மட்டும் ஒரு சிறு கடிதம் வந்திருந்தது. திருமணப் பதிவுப் பத்திரத்தின் மூலப்பிரதி இந்த மாதத்துக்குள் வேண்டுமாம். தபாலில் போட மனம் வரவில்லை. நாங்கள் அருங்காட்சியகத்துக்குப் போன வெள்ளிக்கிழமைதான் அந்த மாதத்தின் கடைசி வேலைநாள். பன்னிரண்டு மணிக்குக் காரியாலய யன்னலை அடைத்துவிடுவார்கள்.

பத்திரத்தை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவரிடம் மனைவி கொடுத்தனுப்பியிருந்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. என் கையெழுத்துக்குக் கீழே அப்பாவின் பெருவிரல் அடையாளம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். கூடவே இருந்த கடிதத்தில் அவள் எழுதியிருந்தாள்: "இதைக் குடுக்குமட்டும் செத்தவீட்டுப் பக்கம் கொண்டு போயிடாதேங்கோ."

அந்தக் காலை முழுவதும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

அருங்காட்சியகத்தில் எங்களைக் கூட்டிப்போன அறை, ரோமர்களுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கருடையது. கறுத்துப் பளபளக்கும் மண்கிண்ணங்கள், வெண்கல முகம்பார்க்கும் கண்ணாடி, நூல் நூற்கும் மண் குண்டுகள். ஒரு கிண்ணத்தின் அடியில் எழுத்துக் கீறியிருந்தது. "எழுத்தை வாசிக்கலாம், ஆனால் பல சொற்களுக்கு என்ன கருத்தென்று தெரியாது" என்றார் ஆசிரியை. எனக்கு வருகிற அரசாங்கக் கடிதங்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் படங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் எல்லாக் குறிப்பையும் வாசிப்பவன். அதுதான் பிழையாய்ப் போயிற்று. மூடியில் ஒரு பெண் முழங்கையை ஊன்றி விருந்துக்கு வந்தவள்போல் சாய்ந்திருந்த மண்பெட்டியின் குறிப்பில் 'அஸ்க' என்று இருந்தது. அகராதியைப் புரட்டினேன். சாம்பல். அடுத்த ஜாடியிலும் அதே சொல். கிண்ணம், கண்ணாடி, மண் குண்டு எல்லாமே கல்லறைக்குள் இருந்து எடுத்தவையாம்.

எங்கள் ஊரில் சாம்பலை வீட்டுக்குள் வைப்பதில்லை. சாம்பல் அள்ளும் காடாத்திச் சடங்கு முடிந்ததும் கீரிமலைக் கடலில் கரைத்து, முழுகிவிட்டுத்தான் திரும்புவோம். நானோ மஞ்சள் தடவிய கலியாணப் பத்திரத்தோடு ஒரு சுடலைக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

பத்திரத்துக்குச் செத்தவீட்டுத் தீட்டு, துடக்குப் பட்டுவிட்டதென்று பக்கத்தில் நின்ற மட்டக்களப்பு அண்ணையிடம் சொன்னேன். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர்; என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னோடு மனுப் போட்டவர். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இன்னும் ஊரில்தான்.

"ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல போயிற்று மனே, இன்னுமா துடக்கு?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை."

"அப்ப அந்தப் பொம்பிளையிட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டுப் போ. கோவிக்கமாட்டா, நல்லாச் சாப்பிட்டிட்டுப் படுத்திருக்கிறா."

நான் நிற்கவில்லை. கோட்டுகள் தொங்கும் இடத்துக்கு ஓடி, என் கோட்டின் உள்பைக்குள் பத்திரத்தை வைத்துவிட்டு வந்தேன். நெஞ்சு கொஞ்சம் ஆறியது. பதினொன்றே காலுக்கு ஆசிரியையிடம் சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினேன்.

காரியாலயத்தில் இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு உள்பைக்குள் கை விட்டேன். ஒன்றுமில்லை. வெளிப்பையில் என் கையுறை மட்டும். மூன்றாவது பொத்தான் கழன்றிருந்தது. அது என் கோட்டுத்தான், சந்தேகமில்லை.

அப்போதுதான் உறைத்தது. அகதி முகாமில், வகுப்பிலிருந்த தமிழர் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே நாளில் தந்த கோட்டுகள் அவை. ஒரே கடுநீலம், ஒரே அளவு. அவசரத்தில் பொத்தானைப் பார்க்காமல் வேறு யாருடையதோ பைக்குள் வைத்திருக்கிறேன். திரும்பி ஓடி வரவும் நேரம் போதாது. பதினொன்று நாற்பத்தைந்து.

என் இலக்கம் வந்தது. பின்னால் நின்ற ஈரானியக் கிழவரை முன்னே விட்டேன். பிறகு ஒரு தாயையும் பிள்ளையையும். யன்னலில் இருந்த பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள். "உங்களுக்குப் பத்திரம் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?"

"வேண்டும். வந்துகொண்டிருக்கிறது" என்றேன். எங்கிருந்து என்று எனக்கே தெரியாது.

கதவு அடிபட்டுத் திறந்தது. தலையிலிருந்து தண்ணீர் வடிய மட்டக்களப்பு அண்ணை. கையில் ஆசிரியை இரண்டாம் முறை கீறிய வழித்தாள்.

"உன்ட பொண்டாட்டிய என்ட கோட்டுக்குள்ள வச்சிட்டு இஞ்ச வந்து என்ன செய்றாய்?" மூச்சு வாங்கினார். "என்ட மனிசி அறிஞ்சா என்ன நடக்கும்?"

மழையில் நனையக்கூடாதென்று பத்திரத்தை அருங்காட்சியகத்தில் வாங்கிய புத்தகம் ஒன்றுக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தார். திறந்தேன். விருந்துக்கு வந்தவள்போல் சாய்ந்திருந்த அந்தப் பெண்ணின் படத்துக்கு மேலேயே அது கிடந்தது. சாம்பல் பெட்டியின் மேல் என் கலியாணம்.

கை ஒரு கணம் தயங்கியது. பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். எடுத்து நீட்டினேன். யன்னலில் இருந்தவள் முத்திரை குத்தி, வாங்கியதற்கு ஒரு துண்டு தந்தாள்.

திரும்பும் வழியில் ரயில் கப்பலுக்குள் ஏறியபோது அண்ணை கேட்டார், "இனியாவது ஓரிடத்தில இருப்பியா?" ஓம் என்றேன். இருக்கவில்லை. கப்பலின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போது இன்னொரு குளிர்காலம் வந்துவிட்டது. முடிவு வரவில்லை. பத்திரத்தைக் குடுத்தாச்சோ என்று மனைவி கேட்டதற்கு ஓம் என்று எழுதினேன். அது எங்கே கிடந்தது என்று எழுதவில்லை. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. ஈரத்தில் மஞ்சள் கசிந்து, படத்தில் அந்தப் பெண்ணின் தோளருகே கறையாகப் பிடித்திருக்கிறது. என்னால்தான் பிந்துகிறதோ என்று ஒருநாள் அண்ணையிடம் கேட்டேவிட்டேன். இந்தமுறை அவர் பகிடி விடவில்லை.

"என்ட கடுதாசி ஒரு சாம்பலையும் பாக்கல்ல மனே. எனக்கும்தானே வரல்ல."

அது ஆறுதலா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. தபாற்காரர் பத்தரைக்கு வருவார். இப்போது பத்து. கோட்டை எடுக்கிறேன், பொத்தானைப் பார்த்து.