அண்ணாவைத் திருப்பித் தராத ஊர்

எங்கள் அண்ணா முல்லைத்தீவுப் பக்கத்து உடையார்கட்டில், குளத்து நீர் பாயும் வயல்களை ஒட்டிய காணியில், ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். சென்ற ஆண்டு ஜேர்மனியில், மலைகளுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய கிராமத்தில் காலமானார். அவருடைய ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவர் வாழ்வை எழுதித் தருவது தங்கையான என் கடமை. பொறுமையோடு எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பொறுமை வரவில்லை. பெரியோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணி திருத்தியவர். அண்ணா படிப்பில் கெட்டிக்காரர். பள்ளிக்கூடத்தில் வரைபடம் கீற ஆள் வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாடு குழம்பத் தொடங்கியதும் ஐயா உழவு மாடுகளை விற்று அவரை வெளிநாட்டுக்கு அனுப்பினார். "ரெண்டு வருசத்திலை வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜேர்மன் அரசாங்கம் அவரை அந்தக் கிராமத்தில் கொண்டுபோய் விட்டது. அகதி வழக்கு முடியும்வரை அனுமதியில்லாமல் அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. வழக்கு முடியப் பல வருடங்கள் சென்றன. அந்த ஊரின் பெயர் எங்கள் வாயில் நுழையாது. கல் நிறைந்த ஆறு என்பது அதன் பொருள் என்று அண்ணா எழுதியிருந்ததால், வீட்டில் எல்லோரும் அதைக் கல்லாறு என்றே சொன்னோம்.

அம்மாவுக்கு அந்த ஊர் பிடிக்கவேயில்லை. வழக்கு முடிந்த பிறகாவது தமிழர் இருக்கும் நகரத்துக்கு மாறச் சொல்லி மன்றாடினார்.

"தம்பி, அந்தக் காட்டுக்கை இருந்தால் ஆர் உனக்குப் பொம்பிளை தருவினம்?"

"இஞ்சை மர ஆலையிலை நல்ல வேலை இருக்கம்மா. சனமும் நல்ல சனம்."

பேசிய கலியாணங்கள் எல்லாம் அந்த ஊரின் பெயரைக் கேட்டதுமே குழம்பின. அண்ணா தனியாகவே இருந்துவிட்டார்.

அந்த ஊரைப் பற்றி அவர் எழுதியதிலும் சொன்னதிலும் பாதியை நான் கேட்க விரும்பவில்லை. ஆனாலும் காதில் விழுந்தது விழுந்ததுதான். ஒரே ஒரு தெரு. அதை ஒட்டி ஓடும் சிற்றாறு. தென்புறம் உயர்ந்த மலை. குளிர்காலத்தில் அதன் அடியிலுள்ள வீடுகளில் பல வாரங்களுக்கு வெயிலே படாது. வெயில் படும் பக்கத்தில் நிலம் வைத்திருந்த பழைய கமக்காரர் குடியிருந்தார்கள். உலகப் போருக்குப் பின் கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு, மாட்டு வண்டியில் மூட்டைகளோடு வந்த அகதிகளுக்கு நிழல் பக்கம்தான் கிடைத்தது. அண்ணாவுக்குக் கொடுத்த அறையும் அந்தப் பக்கம்தான். மண்ணில் கல் அதிகம். உருளைக்கிழங்கும் அப்பிளும்தான் விளையும். பலகை பலகையாகப் பிளக்கும் கறுப்புக் கல்லை வெட்டிக் கூரைக்கு விற்றே முன்பு பிழைத்தார்கள். அந்தக் கல்லுக்குழி மூடப்பட்டது. பிறகு ரயில் நின்றது, பள்ளிக்கூடம் மூடப்பட்டது, கடையும் பூட்டப்பட்டது. கடைசியில் ஊரைப் பக்கத்துப் பட்டினத்தோடு சேர்த்துவிட்டார்கள். காகிதத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை.

இல்லாமல் போன அந்த ஊருக்குத்தான் அண்ணா வரலாறு எழுதினார். அதைத் தொடங்கிய வாத்தியார் ஒருவர் பெட்டி பெட்டியாகக் கடதாசிகளை விட்டுவிட்டு இறந்துபோனார். அவற்றைத் தொட ஊரில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அண்ணா கேட்டு வாங்கினார். ஒரு வந்தான் வரத்தான் எங்கள் கதையை எழுதுவதா என்று சிலர் முணுமுணுத்தார்களாம். அவர் வேலை முடிந்து வந்து வீடு வீடாகப் போனார். பழைய எழுத்தை வாசிக்கப் பழகினார். காட்டுக்குள் புதைந்துகிடந்த எல்லைக் கற்களைத் தேடி நடந்து படம் கீறினார். பதினாறு வருடங்கள் அதிலேயே போயின.

அந்தப் பதினாறு வருடங்களுக்குள் எங்களுக்கு என்ன நடந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உடையார்கட்டை விட்டு எழும்பி, முள்ளிவாய்க்கால்வரை போய், ஐயாவையும் அம்மாவையும் வழியில் இழந்து, முகாமில் இருந்து திரும்பி வந்தேன். கூரையில்லாத வீட்டில் தறப்பாள் கட்டியிருந்தபோது அண்ணா போன் எடுத்தார். முதலில் அழுதார். பிறகு சொன்னார்:

"பிள்ளை, இந்த ஊரையும் ஒரு காலத்திலை முழுசா எரிச்சவங்கள். கனகாலம் ஒரு குஞ்சும் இல்லாமல் கிடந்தது. பிறகு சனம் வந்து..."

"அண்ணா, எனக்கு உங்கட ஊர்க் கதை வேண்டாம். இஞ்சை சமைக்கிறதுக்குச் சட்டி இல்லை. நீங்கள் எப்ப வாறியள்?"

நான் போனை வைத்துவிட்டேன்.

வீடு கட்ட அவர்தான் உதவினார். இரண்டு தடவை வந்தும் போனார். வந்து நிற்கும் நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளக்கட்டிலும் சந்து ஒழுங்கைகளிலும் திரிவார். திரும்பிப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து, அந்த மூலைக் காணி முதலில் யாருடையது, இந்த வாய்க்காலுக்கு என்ன பெயர் என்று கேட்பார். "எனக்கு வயல் வேலை கிடக்கு அண்ணா, பேந்து கதைப்பம்" என்பேன். பிறகும் கதைக்கவே இல்லை.

புற்றுநோய் என்று தெரிந்ததும் வரச் சொன்னேன். வைத்தியம் முடியட்டும் என்றார். என்னுடைய விசா விண்ணப்பம் இரண்டு தடவையும் நிராகரிக்கப்பட்டது. நான் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று அவர்கள் நம்பவில்லையாம். என் வயலையும் மாடுகளையும் வந்து பார்த்திருந்தால் நம்பியிருப்பார்கள்.

இறுதிக் கிரியையைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். அந்த ஊர்ச் சனம் முழுவதும் கறுப்பு உடுத்து நின்றது.

சாம்பலையாவது முல்லைத்தீவுக் கடலில் கரைக்க நினைத்தோம். அங்கே சாம்பலை யார் கையிலும் கொடுக்கமாட்டார்கள். மயானத்தில்தான் வைக்கவேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால், இங்கே எங்கே வைக்கப்படும் என்று எங்கள் பக்கத்திலிருந்து கடிதம் வேண்டும். கடிதத்துக்காக நான் நான்கு தடவை ஓர் அரசாங்கக் கந்தோருக்கு அலைந்தேன்.

"அம்மா, அப்பிடி ஒரு படிவம் எங்களிட்டை இல்லை. சாம்பலைக் கடலிலை கரைக்கிறதுக்கு ஆர் கடிதம் குடுக்கிறது?"

"அப்ப இல்லையெண்டாவது ஒரு கடிதம் தாங்கோ."

"இல்லையெண்டு குடுக்கிறதுக்கும் படிவம் இல்லையம்மா."

கடிதத்துக்கு அங்கே கொடுத்த தவணை முடிந்தது. அண்ணாவின் சாம்பலை அந்தக் கிராமத்து மயானத்திலேயே புதைத்துவிட்டார்கள். உயிரோடு முப்பது வருடங்களுக்கு மேல் வைத்திருந்த ஊர், ஒரு பிடி சாம்பலைக்கூடத் திருப்பித் தரவில்லை. இன்று நாங்கள் திவசம் செய்வது ஒரு படத்துக்கு முன்னால்தான்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் இருக்கிறார்கள். கடைசி மாதங்களில் அண்ணாவுக்குச் சூப் வைத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றவர் அவருடைய பக்கத்து வீட்டு அம்மா. மாட்டு வண்டியில் வந்த அகதிகளின் மகள் அவா. சாம்பலை எங்களுக்கு அனுப்பித்தரச் சொல்லிக் கந்தோர்ப் படியேறிச் சண்டை பிடித்தவரும் அவாதான். அவாவோடு கோபிக்க என்னால் முடியவில்லை. அவாவின் பேச்சை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்ன அண்ணாவின் நண்பருக்கும், நான் கந்தோருக்கு அலைந்த நாட்களில் மாடுகளைப் பார்த்த அயலவருக்கும், இன்று இங்கே சமைத்துப் பரிமாறுபவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

போன மாதம் அந்த அம்மா ஒரு பொதி அனுப்பியிருந்தார். அதில் அண்ணா எழுதிய புத்தகம் இருந்தது. எங்களில் எவராலும் அதை வாசிக்க முடியாது. அதற்கு அடியில் ஒரு பழைய கொப்பி. முதல் பக்கத்தில் "உடையார்கட்டு" என்று தமிழில் தலைப்பிட்டு, கீழே கேள்விகளாக எழுதியிருந்தார். எங்கள் ஒழுங்கையில் ஐயாவுக்கு முன் காடு வெட்டியவர் யார்? சின்ன வாய்க்காலுக்குப் பழைய பெயர் என்ன? இடம்பெயர்ந்து திரும்பி வராத வீடுகள் எவை, அங்கே இருந்தவர்கள் யார் யார்? ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், "தங்கச்சியிடம் கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். பதிலுக்கு விட்ட இடமெல்லாம் வெறுமையாகக் கிடக்கிறது.

பாதிக்கு மேல் எனக்குத் தெரியாது. ஆகையால் உறவினர்களே, சாப்பிட்ட கையோடு எழும்பிப் போய்விடாதீர்கள். கொப்பியோடு வாசலில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போங்கள்.