சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவது

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் பார்த்த முதல் வேலை, ஒரு சட்டமன்ற உறுப்பினரைச் சாவு வீடுகளில் கிள்ளுவது. தஞ்சாவூரில் என்னோடு படித்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்ய ஆள் கிடையாது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் விடுவேன்.

அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்; அப்போது அவர் உறுப்பினர் ஆகியிருக்கவில்லை. முதல் முறையாக நிற்கும் வேட்பாளர். அதற்கு முன் ஒன்றியக் கவுன்சிலர். கணவர் அறுவடை மிஷின் வைத்து வாடகைக்கு ஓட்டுபவர். பிரசார வேனில் நின்றபடி எங்கள் தெருவுக்குள் வந்தபோது, எதிர்வீட்டுப் பெரியப்பாவின் மனைவி இறந்து கிடந்தார். அக்கா மைக்கை அணைக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, மாலையோடு உள்ளே போனார். பெண்களோடு தரையில் உட்கார்ந்து அழுதார். அது நடிப்பில்லை. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். பிறகு எழுந்தார். வாசலில் நின்று, காலையிலிருந்து வாசலுக்கு வாசல் செய்துவந்த அதே கும்பிடைப் போட்டார்.

"போயிட்டு வரேங்க!"

அழுகை நின்றுவிட்டது. துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். வருகிறேன் என்றால், மறுபடி வருவதற்கு அந்த வீட்டில் இன்னொரு சாவு விழ வேண்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்கே எங்கள் பக்கத்தில் இது தெரியும். பெரியப்பா மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"எதுக்கும்மா வரப்போற? நான் ஒருத்தன்தான் பாக்கி."

அக்காவின் முகம் வெளுத்தது. யாரும் அவரை வழியனுப்ப எழவில்லை. வேன் வரை தனியாக நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, பின்னாலேயே போனேன்.

"அக்கா, எழவு வீட்டுல சொல்லிக்கக் கூடாதுக்கா."

"எனக்குத் தெரியாதா பாப்பா? நான் என்ன சீமையிலயா பொறந்தேன்? காலையிலேர்ந்து இதையே சொல்லிச் சொல்லி, வாய் தானா சொல்லிடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன படிச்சிருக்க?"

"பி.ஏ. தமிழ்."

"வண்டியில ஏறு. இனிமே இந்த மாதிரி வீட்டுல நான் வாயத் தொறந்தா கிள்ளு."

அப்படித்தான் நான் அரசியலுக்கு வந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி எல்லா செல்போனுக்கும் போய்விட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டி, "துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகிறவருக்கா உங்கள் ஓட்டு?" என்று கேட்டுக்கொண்டே தொகுதியைச் சுற்றினார்கள். அக்கா ஜெயித்தார். எங்கள் தெரு ஓட்டுச்சாவடியில் மட்டும் படுதோல்வி. வெற்றிச் சான்றிதழோடு வந்த அன்றே என்னிடம் சொன்னார்:

"இது கட்சி ஜெயிச்சது பாப்பா. காத்து அப்படி அடிச்சுது, நானும் பறந்தேன். ரெண்டாவது தடவ ஜெயிக்கணும். அதுதான் நான் ஜெயிச்சதா அர்த்தம்."

ஐந்து வருடமும் அவர் மனதில் இருந்தது இந்த ஒன்றுதான்.

என் அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து கேட்பார்: "இன்னிக்கு எத்தன கிள்ளு கிள்ளுன? இதுக்கா உன்னப் படிக்க வச்சேன்? நண்டு இந்த வேலைய படிக்காமயே செய்யுமேடி!"

சட்டமன்ற உறுப்பினர் என்றால் கோட்டையில் உட்கார்ந்திருப்பவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதி நாள் நாங்கள் காரில்தான் இருந்தோம். காலையில் திருவையாற்றில் ஒரு கல்யாணம், மத்தியானம் திருப்பனந்தாள் பக்கம் ஒரு காதுகுத்து, நடுவில் எப்படியும் ஒரு சாவு. டிரைவர் அண்ணன் டிக்கியில் இரண்டு விதமான மாலைகளைத் தனித்தனியாக வைத்திருப்பார். "மாத்திக் குடுத்துட்டா அக்காவோட அரசியலே முடிஞ்சுது" என்பார். கல்யாணங்களில் அக்காவுக்கு மேடையில் நாற்காலி. சாவு வீடுகளில் தரை. மூட்டு வலியோடு தரையில் உட்கார்வதைத்தான் அவர் விரும்பினார்.

கிள்ளுவது சில வாரங்களிலேயே நின்றுபோனது. நாங்களாகவே ஒரு வழிமுறை வைத்துக்கொண்டோம். நான் முழங்கையைத் தொட்டால் எழ வேண்டும். எழுந்தால் யாரையும் பார்க்கக் கூடாது; பார்த்தால் கை தானாகக் கூடும், கை கூடினால் வாய் திறக்கும். நேராகச் செருப்பிடம் வர வேண்டும். காருக்குள் வந்து கதவைச் சாத்தியதும்தான் மூச்சு விடுவார். "அசெம்பிளியில பேசுறதுதான் கஷ்டம்னு நெனச்சேன். பேசாம எந்திரிச்சு வர்றது அதவிடக் கஷ்டமா இருக்கு பாப்பா."

பேசுவதையும் நான்தான் எழுதினேன். கேள்விகளை எழுதிக் கொடுப்பேன். அக்கா அதைக் காரில் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். நாக்கில் ஒட்டாத சொல்லை ஜன்னல் வழியாகத் துப்புவதுபோல முகத்தைச் சுளித்து, "வேற போடு" என்பார். ஒருமுறை கொள்முதல் நிலையங்களுக்குக் கூரையும் சிமெண்டுக் களமும் கேட்டுப் பேசினார். நான் மேலே பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, நெல்லை விளைய வைத்தவர் அதை விற்பதற்காக ரோட்டில் படுத்துத் தூங்குகிறார்" என்று அவர் சொன்னபோது என் காது சூடானது. அந்த வரியை எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து எழுதியிருந்தேன். அம்மா பக்கத்து வீட்டுச் செல்போனில் பார்த்திருக்கிறார். ஊர் திரும்பியதும், கிள்ளுவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தம்மா வாயிலேர்ந்து ஒங் கொரலு வந்துச்சுடி," என்றார். அவ்வளவுதான். சோற்றில் கூடுதலாக ஒரு மீன் துண்டு இருந்தது.

எதிர்வீட்டுப் பெரியப்பா மட்டும் இறங்கி வரவில்லை. அக்கா எங்கள் தெருவுக்கு வரும்போதெல்லாம், கொல்லைப்பக்கம் போய் மாட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுவார். அந்த மாடு ஐந்து வருடத்தில் எத்தனை முறை இடம் மாறியது என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அக்கா அந்த வாசலில் ஒரு நொடி நிற்பார். உள்ளே போக மாட்டார். "வந்துட்டேன்னு நெனச்சுக்குவாரு" என்று நகர்ந்துவிடுவார்.

இரண்டாம் தேர்தலுக்குச் சீட்டுக் கிடைத்தது. காற்றுத்தான் கிடைக்கவில்லை. சம்பா அறுத்துக் குவித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிட்டது. ஈரப்பதம் அதிகம் என்று எடுக்க மறுத்தார்கள். அக்கா அங்கேயே சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து ஒவ்வோர் அதிகாரியாகப் போனில் அழைத்தார். ஈரப்பத வரம்பைத் தளர்த்தும் உத்தரவு வந்தது. அது வருவதற்குள் நெல் வீணாகியிருந்தது. அவர் கேட்ட கூரை பக்கத்துத் தொகுதியில் இரண்டு இடங்களில் வந்திருந்தது. எங்கள் பக்கம் கம்பி மட்டும் நின்றது. பிரசாரத்தில் ஒருவர் முளைத்த நெல்லைக் கையில் அள்ளி வந்து அக்காவின் வேன் மேல் வைத்தார். திட்டவில்லை. வைத்துவிட்டுப் போனார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

தோற்றோம். வாக்கு எண்ணும் இடத்திலிருந்து திரும்பினோம். அக்கா வீட்டு வாசலில் டிரைவர் அண்ணன் கட்சிக் கொடியைக் கழற்றி மடித்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆண்கள் தோள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தரையைப் பார்த்தார்கள். நான் டீ கொடுத்தேன். குடித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் எழுந்தார், செருப்பைப் போட்டார், போனார். பிறகு இன்னொருவர். கட்சிக்காரப் பெண் ஒருவர் வந்த வேகத்தில் அக்காவைக் கட்டிப்பிடித்து, "எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று ராகம் எடுத்தார்.

"ஏய், நான் உசுரோடதான்டி இருக்கேன்!" என்று அக்கா அவரை உலுக்கினார். யாரும் சிரிக்கவில்லை.

ஐந்து வருடம் சாவு வீடுகளில் நின்று பழகிய கண் என்னுடையது. ஒருவரும் சொல்லிக்கொண்டு போகவில்லை என்பதை அக்காவுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். அக்கா மத்தியானம் வாக்கில் பார்த்தார். நாலைந்து பேர் ஒன்றாக எழுந்து வாசல் படலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கையைத் தொடலாமா என்று யோசித்தேன். தொடவில்லை.

"ஏம்ப்பா! நில்லுங்க! இது என்ன எழவு வீடா? அது பாட்டுக்கு எந்திரிச்சுப் போறீங்க! தோத்தவ வீட்டுக்குத் திரும்ப வர மாட்டீங்களா?"

போனவர்கள் படலைப் பிடித்தபடி நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரைவர் அண்ணன்தான் முதலில் சிரித்தார். போனவர்களில் வயதில் மூத்தவர் நெளிந்துகொண்டே திரும்பி வந்து, "தெரியாம எந்திரிச்சுட்டோம்மா... போயிட்டு வரோம்" என்று கும்பிட்டார். மற்றவர்களும் வரிசையாக வந்து சொல்லிக்கொண்டார்கள். ராகம் எடுத்த பெண் இரண்டு முறை சொன்னார். அக்கா சிரித்தார். பிறகு உள்ளே போய் முகம் கழுவ வெகுநேரம் எடுத்துக்கொண்டார். குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெயில் இறங்கியபின் எதிர்வீட்டுப் பெரியப்பா வந்தார். எங்கள் தெருவிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார். நான் நாற்காலி போட்டேன். அக்கா வெளியே வந்து, அவரைப் பார்த்து, அப்படியே நின்றார்.

"ஜெயிச்சப்ப வரலை," என்றார் பெரியப்பா.

"உக்காருங்க பெரியப்பா."

"ஓட்டும் போடலை."

"தெரியும், உக்காருங்க."

உட்கார்ந்தார். டீயில் சர்க்கரை குறைவு என்றார். இன்னொரு கரண்டி போட்டேன். எங்கள் தெருப் பின்னால் ஓடும் கிளை வாய்க்காலைத் தூர்வாரிய மிஷின், கடைமடைக்கு வராமல் பாதியிலேயே திரும்பிப் போன கதையைச் சொன்னார். அங்கே வெங்காயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, மேட்டூர் திறந்தால் தண்ணீர் எங்கள் பக்கம் வராது என்றார். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். கதை முடிந்தது. பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார், எழுந்தார், செருப்பைப் போட்டார். படல் வரை நடந்தார். நானும் டிரைவர் அண்ணனும் அவர் முதுகையே பார்த்தோம். அக்கா மட்டும் பழக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படலைத் திறந்து, பாதி வெளியே போனவர் திரும்பினார்.

"போயிட்டு வரேம்மா."

அக்கா தலை நிமிர்ந்தார்.

"வாங்க பெரியப்பா. காலையிலயே வாங்க."

காலையிலேயே வந்தார். மனு எழுத வேண்டும் என்றார். நான் பழக்கத்தில் மேசையைத் திறந்து, கோபுரச் சின்னம் போட்ட கடிதத்தாளை எடுத்தேன். அக்கா என் முழங்கையைத் தொட்டார்.

"அது இப்ப நம்முது இல்ல பாப்பா. வெள்ளத் தாள்ல எழுது."

எழுதினேன். அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். ஒரு சொல்லில் முகத்தைச் சுளித்தார். "வேற போடு," என்றார்.