வட்டத்துக்குள் வைத்த காய்

கொட்டாஞ்சேனை ஆனந்திக்கு ஒரு குணம். காய் சுண்டும் கரம் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், அடுப்பில் கறி கருகினாலும் எழும்பமாட்டாள். புறக்கோட்டைக் கிட்டங்கி ஒன்றில் பதினொரு வருடமாக மிளகாய்ப் பொதி கட்டுகிறவள். வேலைக்குப் போன நாளுக்குத்தான் கூலி. காய்ச்சல் வந்தால் அதுவும் இல்லை. பின்னேரமானால் வீட்டு முன் ஒழுங்கையில் ஆண்களோடு கரம். அவளிடம் தோற்றே இரண்டு பேர் வேறு ஒழுங்கைக்கு விளையாடப் போய்விட்டார்கள்.

அந்த நோன்பு மாதம் வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் பெண்களுக்குக் கரம் போட்டி வைத்தார்கள். வெல்கிறவளை ஒரு கொம்பனி தன் அணியில் சேர்த்து நிரந்தர வேலையும் கொடுக்கும். மாதச் சம்பளம், காய்ச்சலுக்கு லீவு. ஆனந்தி இறுதியாட்டம் வரை வந்துவிட்டாள். எதிரே கொலன்னாவை ஷபீகா. அன்றைக்குத்தான் முதன்முதல் முகம் பார்த்தது. புள்ளிகள் சமம். கடைசிப் பலகைச் சுற்று. இதை எடுக்கிறவளுக்கு வேலை, மற்றவளுக்குக் கைதட்டு.

ஆளுக்கு நான்கு காய் மிச்சம். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததால் முடிய இன்னும் கால்மணி நேரமாவது போகும். அப்போதுதான் பள்ளிவாசலிலிருந்து நோன்பு திறக்கிற பாங்கு கேட்டது.

ஷபீகா தன் அடியைத் தவறவிட்டுவிட்டு நிமிர்ந்தாள். உதடு வெடித்திருந்தது, விரல் நடுங்கியது. சுவரோர வாங்கில் கிடந்த தன் பையைப் பார்த்தாள்.

“சேர், நோம்பு தொறக்கணும். அந்த பேக்க மட்டும் எடுக்க ஏலுமா?”

நடுவர் ஞானசம்பந்தம் மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இருந்த இடத்தில குடிக்கலாம் பிள்ளை. ஆனா பலகை முடியுமட்டும் ஆரும் கதிரையை விட்டு எழும்பேலாது. வெளியாள் கிட்ட வரவும் ஏலாது. எழும்பினா பவுல்.”

பவுல் என்றால் லேசான தண்டனை இல்லை. குழியில் போட்ட காய் ஒன்று திரும்ப வெளியே வரும். அதை எதிராளி நடு வட்டத்துக்குள் தனக்குப் பிடித்த இடத்தில் வைப்பாள். அடிக்கும் முறையும் போய்விடும்.

இப்போது ஆனந்தியின் முறை. அடிக்க அவளுக்குப் பதினைந்து விநாடி. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தாள். எதிரே அந்தக் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை அப்படியே இருந்தால் வேலை தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும்.

கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள்.

“ஏய் ஆனந்தி, உக்காரு! பேயா புடிச்சிருக்கு?” அவள் புருஷன் முத்து பின்வரிசையிலிருந்து கத்தினான்.

“பவுல்!” என்றார் நடுவர்.

“போடுங்க. எழும்பிட்டேன், இனி உக்காந்தா மட்டும் விட்டுடவா போறீங்க?”

பையைக் கொண்டுவந்து ஷபீகாவின் மடியில் போட்டாள்.

“அக்கா, ஒங்களுக்கு நட்டம்...”

“முதல்ல குடி. பேச்செல்லாம் பொறகு.”

ஷபீகா பேரீச்சம்பழத்தைக் கடித்து, போத்தலில் பாதியைக் குடித்தாள். நடுவர் ஆனந்தியின் வெள்ளைக்காய் ஒன்றை எடுத்து நீட்டினார். ஷபீகா அதை வாங்கி ஆனந்தியின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வட்டத்தின் ஓரத்தில், தன் இரண்டு கறுப்புக்காய்க்குப் பின்னால், எந்தப் பக்கமிருந்தும் எட்டாதபடி வைத்தாள். மண்டபமே முணுமுணுத்தது.

அதற்குப் பிறகு ஷபீகாவின் விரல் நடுங்கவில்லை. மூலைக்கு இழுத்து ஒன்று, பலகை விளிம்பில் அடித்து ஒன்று, நேராக ஒன்று. ஆனந்தியும் விடவில்லை, நான்கையும் போட்டாள். கடைசியில் ஆளுக்கு ஒன்றுதான். ஆனந்திக்கு மிச்சம் அந்த வட்டத்துக் காய். மூச்சைப் பிடித்து அடித்தாள். காய் குழியின் வாய்வரை உருண்டு, எட்டிப் பார்த்து, நின்றுவிட்டது. ஷபீகா தன் கறுப்பைப் போட்டாள். முடிந்தது.

முத்து பாய்ந்து வந்தான். “தண்ணி குடுத்தவளுக்கு இதுதானா தங்கச்சி? கொஞ்சம் லேசான இடத்துல வெச்சிருக்கலாமே!”

ஷபீகா தலையைக் குனிந்தாள். ஆனந்திக்குக் கண் கலங்கித்தான் இருந்தது. திங்கட்கிழமை மறுபடியும் மிளகாய் மூட்டைதானே. ஆனால் வாய் மட்டும் கலங்கவில்லை.

“வாயை மூடுங்க. போட்டிக்கு வந்தவ வேற எங்க வெப்பா, என் மடியிலயா? லேசா வெச்சிருந்தா பலகையையே கவுத்திருப்பேன்.”

பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“இங்க பாரு ஷபீகா, அந்த மூலை அடி. விரலை எப்படி வெச்ச? இன்னொருக்கா அடிச்சுக் காட்டு.”