சீருடை ஒளித்த அலமாரி

கடல் கடந்து நான் குடியேறிய மெரிலேண்ட்ஸில் கவுன்சில்காரர்கள் பழைய சாமான் அள்ள வரும் வாரம் இது. பக்கத்துத் தெருவில் யாரோ ஓர் இரும்பு அலமாரியை வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நாலு பேர் பார்ப்பார்களே என்றுகூட யோசிக்காமல் கதவைத் திறந்து மோந்து பார்த்தேன். அந்துருண்டை வாசனை. மனசு நேராக எங்கள் பழைய அறைக்கே போய்விட்டது.

பரமட்டா பக்கம் ஒரு மருந்துக்கடையின் மாடி அது. இந்த நாட்டு ராணுவத்திலும் வெளியிலும் இருக்கிற ஒருபாலீர்ப்பினருக்கும் திருநர்களுக்குமான உதவிக் குழு. நான் தேநீர் இலாகா. அத்தோடு, வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஆலோசனையும் தாராளமாக வழங்குவேன். என் அம்மா மதுரையிலிருந்து இன்றுவரை எனக்குப் பெண் ஜாதகம் அனுப்பிக்கொண்டிருப்பதை மட்டும் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

வருகிறவர்கள் அலுவலகச் சட்டையைக் கழற்றி அங்கிருந்த இரும்பு அலமாரியில் வைத்துவிட்டு, மனசுக்குப் பிடித்த சேலையை எடுத்து உடுத்திக்கொள்வார்கள். குகன் மட்டும் தலைகீழ். ராணுவச் சீருடையில் வருவான், அதை மடித்து உள்ளே வைத்துப் பூட்டுவான், சாதாரண டீ ஷர்ட்டில் அம்மா வீட்டுக்குக் கிளம்புவான்.

தான் ஆண்களை விரும்புகிறவன் என்று அம்மாவிடம் அவன் எப்போதோ சொல்லியாகிவிட்டது. கொஞ்ச காலம் அழுதாராம். பிறகு, மகனோடு வாழும் டேனியலுக்கு உறைப்பு ஆகாது என்று தனியாகக் குழம்பு வைக்கும் அளவுக்கு வந்துவிட்டார். சொல்லாமல் விட்டது வேலையைத்தான். யாழ்ப்பாணத்தில் தன் தம்பியை ஆமிக்காரர்கள் வீடு புகுந்து இழுத்துப்போனதைக் கண்ணெதிரே பார்த்தவர் அவர். மகன் கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, மற்றதைச் சொல்லுறது லேசு. இதை எப்பிடிச் சொல்லுறது?” என்பான் குகன். நான் தேநீர் ஊற்றப் போய்விடுவேன்.

ஒரு வருஷம் வானவில் ஊர்வலத்தில் சீருடையோடு நடக்க அவனுக்கு இடம் கிடைத்தது. அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. டேனியல்தான் ஊர்வலம் இருப்பதை வாய்தவறி உளறிவிட்டான். அம்மா சும்மா இருப்பாரா? பிள்ளைக்குக் கைதட்டவேண்டும் என்று பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

இறகும் மினுக்கும் வைத்துக்கொண்டு ஆடிப்போனவர்களையெல்லாம் சிரித்தபடி பார்த்தார். ராணுவ அணி வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் ஒரே ஆரவாரம்.

“தம்பி, அது என்ர பிள்ளையோ?”

“ஆமா ஆன்ட்டி.”

ஊர்வலம் முடிந்ததும் குகன் ஓடிவந்தான். “அம்மா, இது வேற ஆமி.”

“எனக்கு எல்லா ஆமியும் ஒண்டுதான். நீ ஆரோட வாழ்ந்தாலும் என்ர பிள்ளை எண்டு சொன்னனான். இதைப் போட்டுக்கொண்டு என்ர வாசலுக்கு வராத.”

ரோல்ஸ் பெட்டியை டேனியலிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வெகுநாள் மகனோடு பேச்சில்லை. அவன் சாப்பிட்டானா என்று மருமகன் டேனியலுக்குத்தான் போன் வரும். கடைசியில், உடுப்பை மாற்றிக்கொண்டு வருவதென்றால் வரட்டும் என்று மருமகனிடமே சொல்லியனுப்பினார். ஒளிக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் குகன் எங்கள் அலமாரிக்கு வந்துகொண்டுதான் இருந்தான்.

இப்போது ராணுவத்திலேயே இதற்கெல்லாம் ஆள் போட்டிருக்கிறார்கள். வாட்ஸப் இருக்கும்போது அறை எதற்கு என்று இளசுகள் கேட்டார்கள். குழு கலைந்தது. மாடியில் இன்று ஒரு பல் டாக்டர் இருக்கிறார். போன குளிர்காலத்தில் ஆன்ட்டியும் கண்ணை மூடிவிட்டார்.

அவருடைய வீட்டில்தான் இப்போது குகனும் டேனியலும் இருக்கிறார்கள். நேற்று போன் போட்டு, இப்போதெல்லாம் எங்கே உடுப்பு மாற்றுகிறாய் என்று கேட்டேன்.

“மாத்துறேல்லை அண்ணை. யூனிஃபோர்மோடயே உள்ள போறன். வராத எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை.”