இருபத்தொரு கிலோமீட்டர்

கிரேக்கத்தின் காசோஸ் தீவு விமான நிலையத்தில் வேலை பார்க்கும் செவாஸ்தியிடம் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: பக்கத்துத் தீவு கார்பதோஸுக்கு எவ்வளவு நேரம்? இருபத்தொரு கிலோமீட்டர், வானில் ஐந்தே நிமிடம் என்பாள். “பெல்ட்டை மாட்டி முடிக்கிறதுக்குள்ள கழட்டச் சொல்லிடுவாங்க” என்றும் சேர்த்துக்கொள்வாள். இருபத்தாறு வருடமாக இதைச் சொல்கிறாள். கடைசிப் பத்தொன்பது வருடத்தில் அவள் ஒருமுறைகூட அங்கே போனதில்லை.

அங்கே இருப்பவள் தங்கை அர்கிரோ. இந்தத் தீவுகளில் தாயின் வீடு மூத்த மகளுக்குத்தான். அதில் யாருக்கும் மறுபேச்சில்லை. அம்மா இறந்த வருடம், கோடையில் வந்து தங்க ஓர் அறை மட்டும் தனக்கென்று வேண்டும் என்றாள் அர்கிரோ. வழக்கத்தில் இல்லாததைக் கேட்காதே என்று செவாஸ்தி சொல்லிவிட்டாள். அன்று விமானம் ஏறிப் போனவள்தான். கோபம் தணிந்த பிறகும் இருவரும் போகவில்லை. ஐந்து நிமிடம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம். தூரம் அதிகமிருந்தால் ஒரு தேதியாவது குறித்திருப்பார்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அர்கிரோவின் மகன் மினாஸ் போன் செய்தான்.

“பெரியம்மா, அம்மா சாப்பிடுறத நிறுத்திட்டாங்க. இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்றார். உங்களக் கேட்கல. ஆனா ஏரோப்ளேன் சத்தம் கேட்டா மட்டும் கண்ணத் திறக்கிறாங்க.”

செவாஸ்தி அம்மா வீட்டின் இரும்புச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மதிய விமானம் கார்பதோஸிலிருந்து வந்து அங்கேயே திரும்பும்; அதில் ஏறிவிடலாம். ஆனால் வடக்குக் காற்று பிடித்துக்கொண்டது. கப்பலும் நின்றுவிட்டது. கருவியைப் பார்த்து விமானிக்குக் காற்றின் வேகத்தைச் சொல்வது அவள் வேலை. மணிக்கு முப்பது கடல் மைலுக்குள் இருந்தால் இறங்குவார். கருவி முப்பத்தெட்டு காட்டியது.

தீயணைப்பு வண்டிக்கார நிக்கீதாஸ் அவள் முகத்தைப் பார்த்தான். “முப்பதுன்னு சொல்லேன். பைலட் கெட்டிக்காரர், இறக்கிடுவார்.”

“உள்ள உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் வீடு இருக்குடா” என்றாள் செவாஸ்தி. முப்பத்தெட்டு என்றே ரேடியோவில் சொன்னாள்.

விமானம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஐந்தாவது நிமிடம் அர்கிரோ கண்ணைத் திறந்திருப்பாள், யாரும் வராத விமானத்துக்காக.

மறுநாள் காற்று இருபத்துநாலு. வேலையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு ஏறினாள். தங்கையிடம் சொல்ல ஒரு வாக்கியம் மனதில் கோத்துக்கொண்டு வந்தாள். அது முடிவதற்குள் சக்கரம் தரையைத் தொட்டது.

வீட்டில் அர்கிரோ, விமானச் சத்தத்துக்குத் திறந்த கண்ணை மூடாமல் கிடந்தாள். கோத்து வைத்திருந்தது மறந்துபோக, செவாஸ்தி சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் அதைத் தடவிப் பார்த்தன.

“கதவ இன்னும் தூக்கித்தான் திறக்கணுமா?”

“தூக்கித்தான்.”

“இத்தன வருஷமா அதச் சரி பண்ணலியாக்கா?”

“உன் அறை ஜன்னலும் அப்படியேதான் கெடக்கு” என்றாள் செவாஸ்தி.

அர்கிரோ சாவியோடு கையை மூடிக்கொண்டாள். மாலையில் அடுத்த விமானம் கூரைக்கு மேல் இரைந்து போனது. அவள் கண் திறக்கவில்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.