எட்டு நாற்பத்திநாலு

பள்ளிக்கூட கேட்டை ஒட்டி ஒரு ஜன்னல் இருக்கு. அதுக்குப் பின்னாடி ஒரு மேஜை, ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில இருபத்தாறு வருஷமா நான். பிள்ளைங்க எனக்கு வெச்ச பேரு சீட்டம்மா. எட்டு நாப்பதுக்கு மணி அடிச்சதும் கேட்டை மூடிடுவாங்க. அதுக்கப்புறம் வர்ற பிள்ளை என் ஜன்னல்கிட்ட வந்து, "மன்னிச்சிடுங்க, இனிமே நேரத்துக்கு வருவேன்"னு சொல்லணும். நான் "சரி சரி, போ"ன்னு லேட் சீட்டு எழுதிக் கொடுக்கணும். சீட்டு இல்லாம எந்த டீச்சரும் வகுப்புக்குள்ள விடமாட்டாங்க. ஒண்ணாம் வகுப்புல இருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் இதுதான் சட்டம்.

நான் போட்ட சட்டம் இல்ல. ஆனா பெத்தவங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிறது மட்டும் நான். தினமும் ஒரு சாக்கு வேற: நாய் துரத்துச்சு, ஒரு சாக்ஸைக் காணோம், அப்பா பாத்ரூமை விட்டு வெளிய வரல. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம். முட்டி ரெண்டும் எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிடுச்சு. "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் மணி பாக்குற, எனக்கு ஒரு டீ நேரத்துக்கு வரமாட்டேங்குது"ன்னு வீட்டுக்காரர் முணுமுணுப்பாரு. "கை இருக்குல்ல, போட்டுக் குடிங்க"ன்னுட்டு செருப்பை மாட்டிடுவேன்.

என் தலைக்கு மேல சுவர்க் கடிகாரம். அதைப் பாத்துத்தான் வாட்ச்மேன் அண்ணன் மணி அடிப்பாரு. அது எப்பவும் அஞ்சு நிமிஷம் முந்தி ஓடும். அதாவது, நான் ஓட விட்டிருக்கேன். டீச்சருங்க மணி அடிக்கிற நேரத்துக்கு மூச்சு வாங்க ஓடி வர்றதைப் பாத்து, பல வருஷத்துக்கு முன்னாடி முள்ளைத் தள்ளி வெச்சேன். அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கிச்சு. லீவு விடுற அன்னைக்குச் சரியான மணிக்குத் திருப்பி வெச்சுட்டுப் போவேன். ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு நாற்காலி மேல ஏறி அஞ்சு நிமிஷம் தள்ளுவேன். ஹெச்.எம்முக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துடுவாங்க.

இந்த வருஷம் முதல் வாரம் ஜன்னல்ல ஒரே கூட்டம். எப்பவும் இல்லாத கூட்டம். லீவு விட்டா பிள்ளைங்களுக்கு உடம்பு வணங்காதுன்னு நானே திட்டிக்கிட்டு எழுதினேன். ரெண்டாவது வாரம் பாதியாச்சு. மூணாவது வாரம் எல்லாரும் சீக்கிரம் கிளம்பப் பழகிட்டாங்க. ஒருத்தியைத் தவிர.

மூணாம் வகுப்பு. முதுகை விடப் பெரிய பை, ஒரு பக்கம் அவுந்து தொங்குற ரிப்பன். தினமும் எட்டு நாப்பத்திநாலுக்கு வருவா. முதல்ல திட்டினேன். அப்புறம் மிரட்டினேன். "ஏன் பாப்பா, நாலு நிமிஷம், நாலே நாலு நிமிஷம் முன்னாடி கிளம்பினா என்ன?"ன்னு கெஞ்சிக்கூடப் பாத்தேன்.

"முடியாது"ன்னா.

"ஏன் முடியாது?"

"கதவு திறக்க மாட்டாங்க."

என்ன கதவு, யாரு திறக்க மாட்டாங்கன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும். பின்னாடி நாலு பேரு நின்னாங்க, "சரி சரி, போ"ன்னுட்டேன். அப்புறம் எனக்கும் அலுத்துப் போச்சு, அவளுக்கும் அலுத்துப் போச்சு. ஜன்னலுக்கு வர்றதுக்கு முன்னாடியே மன்னிப்பைச் சொல்லிக்கிட்டே வருவா. நானும் காலையில டீயோட டீயா அவ சீட்டை எழுதி வெச்சுடுவேன், நேரத்தோட சேத்து. சோம்பேறிப் பிள்ளை ஒரு நாள் பத்து நிமிஷம், ஒரு நாள் அரை மணி நேரம்னு வரும். தினமும் ஒரே நேரத்துக்கு லேட்டா வர்ற பிள்ளை உலகத்துல உண்டா? அது என் மண்டையில ஏறவே இல்ல.

மூணு லேட் சீட்டு ஒரு நாள் ஆப்சென்ட். நாப்பது ஆப்சென்ட் ஆனா பேரை எடுத்துடுவாங்க. பள்ளிக்கூடம் திறந்து ஏழாவது மாசக் கடைசியில கூட்டிப் பாத்தேன். நூத்தி இருபது சீட்டு. ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளை, காய்ச்சலோடகூட வந்து நின்ன பிள்ளை, ரெஜிஸ்டர்படி நாப்பது நாள் வரவே இல்ல. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சதுக்கு வெக்கமாவும் இருந்துச்சு. இருந்தும் கடிதத்தை டைப் பண்ணினேன். வெள்ளிக்கிழமை மதியம் பேரை எடுக்கப் போறோம், காரணம் இருந்தா அதுக்குள்ள நேர்ல வந்து சொல்லலாம். அடுத்த பள்ளிக்கூடம் ரெண்டு பஸ் மாறிப் போகணும். எட்டு வயசுப் பிள்ளை தனியா எங்க போவும்? வீட்டோட நின்னுடும். அது தெரிஞ்சேதான் கவரை ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில அவ அம்மாவும் கூட வந்தாங்க. ஆஸ்பத்திரி துணி வெளுக்கிற இடத்துல ராத்திரி வேலையாம். கண்ணு ரெண்டும் சிவந்து கெடந்துச்சு, கை விரலெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்துச்சு. வழக்கமா எட்டரைக்குத்தான் வேலை முடியும், அன்னைக்கு யார்கிட்டயோ கெஞ்சி முன்னாடியே வந்திருக்காங்க.

"மேடம், தம்பியைக் குழந்தைங்க காப்பகத்துல விட்டுட்டுத்தான் இவ வரணும். அங்க எட்டு இருபதுக்குத்தான் கதவைத் திறப்பாங்க. ஒரு நிமிஷம் முன்னாடி திறக்க மாட்டாங்க, அது அவங்க சட்டம். இன்னைக்கு நானும் கூடவே ஓடி வந்தேன். இதுக்கு மேல வேகமா எப்படி மேடம் வர்றது?"

"புரியுதும்மா. ஆனா மணி எட்டு நாப்பத்திநாலு. நான் என்ன பண்ண முடியும்?"

அந்தம்மா போனை எடுத்து ஜன்னல் கம்பிக்குள்ள நீட்டினாங்க. எட்டு முப்பத்திநாலு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அஞ்சு நிமிஷ வித்தியாசம் நான் வெச்சது. பத்து எங்க இருந்து வந்துச்சு? டிராயர்ல இருந்து என் போனை எடுத்துப் பாத்தேன். அதுவும் எட்டு முப்பத்திநாலு. இதுக்கு முன்னாடியும் வித்தியாசம் கண்ணுல பட்டிருக்கும். பட்டப்போவெல்லாம் நம்ம அஞ்சு நிமிஷம்தானேன்னு விட்டிருப்பேன்.

"அண்ணே, இந்தக் கடிகாரத்தைத் தொட்டீங்களா?"

வாட்ச்மேன் அண்ணன் கேட் பக்கத்துல இருந்து வந்தாரு. "லீவுல பேட்டரி தீந்து நின்னுபோச்சும்மா. புதுசு போட்டு, மணி சரி பண்ணி, வழக்கம்போல அஞ்சு முன்னாடி வெச்சேன். உங்களுக்கு முட்டி வலியாச்சே, ஏறி இறங்க வேணாமேன்னு."

"என்கிட்ட சொல்லலியே?"

"சொல்றதுக்கு என்னம்மா இருக்கு, அஞ்சு நிமிஷந்தானே?"

அவரு எனக்காக ஒரு அஞ்சு தள்ளியிருக்காரு. திறந்த அன்னைக்கு நான் போனைக்கூடப் பாக்காம, வழக்கம்போல நாற்காலி மேல ஏறி இன்னொரு அஞ்சு தள்ளியிருக்கேன். சாயந்திரம் பத்து நிமிஷம் முன்னாடி விடுறதுக்கு யாரு புகார் சொல்லப் போறாங்க? என் அஞ்சு மட்டும் இருந்திருந்தா, அவ எட்டு முப்பத்தொம்பதுக்கு உள்ள வந்திருப்பா. அவரு அஞ்சு மட்டும் இருந்திருந்தாலும் வந்திருப்பா. நூத்தி இருபது நாள் அந்தப் பிள்ளை நேரத்துக்கு வந்திருக்கா. நூத்தி இருபது நாளும் என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கா. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

"முள்ளைத் திருப்பி வெச்சுட்டா யாருக்கும் தெரியாதும்மா"ன்னாரு அண்ணன், மெதுவா.

உண்மையைச் சொல்லிடுறேன், ஒரு நிமிஷம் எனக்கும் அதான் தோணுச்சு. எட்டு மாசம்தானே, கெட்ட பேரு இல்லாம போயிடலாமேன்னு. ஆனா முள்ளைத் திருப்பினா சீட்டு திரும்புமா? மதியம் அவ பேரு போயிடும். முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மாடிப்படி ஏறி ஹெச்.எம். மேஜை முன்னாடி நின்னு எல்லாத்தையும் கொட்டினேன்.

ஹெச்.எம். கண்ணாடியைக் கழட்டி நெத்தியைத் தேச்சாங்க. "இருபத்தாறு வருஷமா இருக்கீங்க. நான் இப்ப என்ன சொல்றது உங்களை?"

"திட்டுங்க மேடம். ஆனா பேரை எடுத்துடாதீங்க."

"உங்க தப்புன்னு எழுதிக் கொடுத்தாத்தான் சீட்டை ரத்து பண்ண முடியும். உங்க ஃபைல்ல ஏறிடும், பரவாயில்லையா?"

பரவாயில்லைன்னு சொன்னா பொய். இருந்தும் எழுதிக் கொடுத்தேன். வாட்ச்மேன் அண்ணன் பேரை எழுதல. பேரு நீங்காதுன்னு அந்தம்மாகிட்ட போய்ச் சொன்னப்போ, கோவப்படக்கூட அவங்களுக்குத் தெம்பு இல்ல. "சரிங்க மேடம்"னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டாங்க.

திங்கக்கிழமை. கடிகாரம் சரியா இருந்துச்சு, ஒரு நிமிஷம்கூட முந்தல. எட்டு முப்பத்திநாலுக்கு அவ ஓடி வந்தா. கேட் திறந்துதான் கெடந்துச்சு. அதைப் பாக்காம நேரா என் ஜன்னலுக்கு வந்து, "மன்னிச்சிடுங்க, இனிமே நேரத்துக்கு வருவேன்"னு கையை நீட்டினா.

"இன்னைக்கு நீ லேட் இல்ல பாப்பா. போ."

"சீட்டு இல்லாம போனா டீச்சர் வெளியில நிக்க வெப்பாங்க."

நான் எந்திரிச்சு வெளியில வந்தேன். அவ முன்னாடி குனிஞ்சேன், முட்டி மடக்குன்னு சத்தம் போட்டுச்சு. "நீ எப்பவுமே லேட் இல்ல. என் கடிகாரம்தான் தப்பு. மன்னிச்சிடு, இனிமே இப்படி நடக்காது"ன்னேன்.

அவ என்னையே பாத்தா. அப்புறம் நான் தினமும் சொல்ற மாதிரியே, "சரி சரி"ன்னா.

மைதானத்துல பிள்ளைங்க கத்திக்கிட்டு ஓடிப்பிடிச்சு விளையாடிக்கிட்டிருந்தாங்க. அவ அதை வெச்ச கண்ணு வாங்காம பாத்தா.

"இப்ப விளையாடுற நேரமா?"

"மணி அடிக்கிற வரைக்கும் தினமும் விளையாடுவாங்க பாப்பா. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

"நான் என்ன பண்ணணும்?"

"என்ன வேணும்னாலும் பண்ணலாம்."

கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம் படியில உக்காந்துட்டா, பையைக்கூடக் கழட்டல. நானும் பக்கத்துல உக்காந்தேன். மணி அடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தோம்.