அழைப்பு வரிசையில் கடைசிப் பெயர்

என்னிடம் நீலத் துணி அட்டை போட்ட பழைய நீள நோட்டு ஒன்று இருக்கிறது. எங்கள் டெல்டாப் பக்கத்தில், வானொலி செட்டில் ஒருவரோடொருவர் பேசுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஹாம் ரேடியோக்காரர்கள் பன்னிரண்டு பேர், ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு, அவரவர் வீட்டிலிருந்தபடியே ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவோம். அந்தக் கூட்டத்துக்கு நெட் என்று பெயர். யார் வந்தார்கள், யார் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதை அந்த நோட்டில்தான் குறித்துவைப்பேன். ஒரு பக்கத்தில் முத்துப்பேட்டை என்ற ஊருக்கு நேராகத் தொடர்ந்து மூன்று வாரம் வெறும் கோடு போட்டிருக்கிறேன். வர முடியாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா இந்த மனிதர் என்று, அந்தக் கோடுகளைப் போட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் என் காதை நானே திருகிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வானொலியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. அதனால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பேசவிட்டு, அடுத்தவரிடம் தள்ளிவிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வகத்தைக் கட்டி மேய்த்தவள் என்பதால் அதட்டுவது எனக்குக் கைவந்த கலை. எல்லோரும் என்னைக் 'கன்ட்ரோல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

கூப்பிடும் வரிசையையும் நான்தான் வகுத்தேன். ஆற்றில் தண்ணீர் போகும் வழியே வரிசை. முதலில் பூதலூர், பிறகு தஞ்சாவூர், நீடாமங்கலம், மன்னார்குடி என்று இறங்கி, கடைசியில் கடலோரத்து முத்துப்பேட்டை. அணை திறந்த சமயத்தில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்பது ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும். என்ன மூளை கன்ட்ரோல் உங்களுக்கு என்று பூதலூர்க்காரர் பாராட்டினார். அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் ஆளாகப் பேசிவிட்டு, செட்டை அணைத்து வயலுக்குப் போய்விடுவார். அவருக்கென்ன, பாராட்டத்தான் செய்வார்.

முத்துப்பேட்டைக்காரரை நாங்கள் பாய் என்போம். வளைகுடாவில் பல வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருந்தார். வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் கொஞ்சம் நிலமும் உண்டு. தன் செட்டைத் தானே பற்றவைத்துச் செய்தவர். அதற்குச் சக்தி குறைவு. குரல் சன்னமாகத்தான் வரும். அவர் முறை வரும்போது மணி எட்டைத் தொடும். அந்நேரத்துக்கு மும்முனை மின்சாரம் வந்து, எங்கள் பக்கத்து வயல்களில் மோட்டார்கள் ஓட ஆரம்பித்துவிடும். அவை வானொலியில் கிளப்பும் இரைச்சலில் பாயின் பேச்சு பாதிதான் தேறும். பேசி முடித்த பலரும் அதற்குள் போயிருப்பார்கள். மீதிப் பாதியை நானே ஊகித்து, "ஓகே பாய், ஓகே" என்று முடித்துவிடுவேன். அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

மூன்று கோடுகள் விழுந்த பிறகு போன் செய்தேன். கடையில் வேலை என்றார், மரியாதையாக. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எந்தக் கடையில் என்ன வேலை? எனக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். நீடாமங்கலத்தைத் தாண்டும்வரை வாய்க்காலெல்லாம் தண்ணீர் நிரம்பி ஓடியது. போகப் போக மெலிந்து, முத்துப்பேட்டையை நெருங்கும்போது ஈரத் தடம்தான் இருந்தது. கடைசி ஆளுக்கு ஒன்றும் மிஞ்சாத இந்த வழியைத்தான் நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பாயும் அவர் மனைவியும் என்னைப் பார்த்துத் திகைத்து, பிறகு வாய்நிறைய வரவேற்றார்கள். அந்தம்மா அந்த ஊர்ப் பலகாரமான இறால் வாடாவைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தார். செட் இருந்த மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. சுவரில் சட்டம் போட்ட ஹாம் லைசென்ஸ்களும் இரண்டு. ஒன்று பாயுடையது. இன்னொன்றில் இருந்தது அந்தம்மாவின் பெயர்.

எப்போது என்று கேட்டேன். பிள்ளைகளையெல்லாம் கட்டிக்கொடுத்த பிறகு, பாய் சொல்லிக்கொடுக்க முன்வந்தும் வேண்டாமென்று, அந்தம்மா அடுப்படியில் புத்தகத்தை வைத்துத் தானே படித்தாராம். பரீட்சை எழுதி, பாஸ் செய்து, அந்தக் காகிதம் கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தாராம். வந்த வாரமே, ஞாயிறன்று, முதல் முறையாக மைக்கைப் பிடித்திருக்கிறார். எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பாய் யாரிடமும் சொல்லவில்லை.

"மூணு தடவ என் பேரச் சொன்னேன்மா," என்றார் அந்தம்மா. குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. "நீங்க, சரி பாய், அடுத்த வாரம் பாப்போம்னு முடிச்சிட்டீங்க."

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருந்தது. மோட்டார் இரைச்சல், அடுப்பில் பால், எழுந்து ஓடும் அவசரம். இரைச்சலுக்குள் ஏதோ ஒரு குரல் கிசுகிசுத்தது. பாய்தான் என்று நினைத்து, வழக்கம்போல் முடித்துவிட்டேன். தலைநிமிர்ந்து அந்தம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமா பாய் என்று மட்டும் கேட்டேன்.

"கோபமெல்லாம் இல்லீங்க," என்றார் அவர். "கடைசியா பேசி எனக்குப் பழகிப்போச்சு. இவளையும் அதுக்குப் பழக்கணுமான்னுதான் யோசிச்சேன்."

அந்தம்மா அன்றைக்குப் பிறகு மைக்கைத் தொடவே இல்லை. மனைவி உட்காராத மேசையில் தான் மட்டும் உட்கார்ந்து பேச பாய்க்கு மனம் வரவில்லை. விஷயம் அவ்வளவுதான். நாளைக்கு ஒருநாள் மட்டும் செட்டைப் போட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்தம்மா பார்க்கலாம் என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

இரவு வீடு திரும்பியதும் எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன்: நாளை முதல் வரிசை தலைகீழ், முத்துப்பேட்டை முதல், பூதலூர் கடைசி. ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து உடனே போன். ஒன்பது வருஷமாக முதல் ஆள் நான், வயலில் ஆட்கள் காத்திருப்பார்கள், என்னைப் போய்க் கடைசியில் உட்காரவைத்தால் எப்படி என்று பொரிந்து தள்ளினார். நடந்ததைச் சொன்னேன். அதற்காக வரிசையையே மாற்றணுமா என்று முனகிக்கொண்டே வைத்துவிட்டார். அவர் வருவாரா என்பதும் எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

ஞாயிறு ஏழு மணி. மோட்டார்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. காதில் மெல்லிய சலசலப்பு மட்டும். முத்துப்பேட்டை, முத்துப்பேட்டை என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அந்தம்மாவின் லைசென்ஸில் பார்த்துவைத்திருந்த அழைப்புக்குறியைத் தனியாகச் சொல்லி மூன்றாம் முறையும் கூப்பிட்டேன். வேறு யாராக இருந்தாலும் அடுத்த ஊருக்குப் போயிருப்பேன். அன்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

செட்டில் சிக்னல் முள் மெல்ல எழுந்தது. யாரோ பொத்தானை அழுத்திவிட்டுப் பேசத் தயங்குகிறார்கள். முள் விழுந்தது, திரும்ப எழுந்தது. பிறகு அந்தக் குரல், ஓர் எழுத்துகூடச் சிதறாமல், தன் அழைப்புக்குறியைச் சொன்னது.

"முத்துப்பேட்டையிலேந்து பேசுறேன். இங்க தண்ணி இன்னும் வரலீங்க. நான் பேசுறது அங்க கேக்குதா?"

பதில் சொல்ல மைக்கை எடுத்தேன். பொத்தானை அழுத்துவதற்குள் முறையை மீறிக்கொண்டு ஒரு குரல் குறுக்கே வந்தது. பூதலூர்.

"நல்லா கேக்குதும்மா. சாவகாசமா பேசுங்க. நாங்க யாரும் எழுந்து போகல."